சந்துப் பல்லைக் கொண்டாடியவள்

லிஃப்டில் யார் ஏறினாலும் அவள் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். அப்புறம் கழுத்து. அதற்கும் அப்புறம்தான் கண்ணைப் பார்த்து சலாம் சொல்வாள். மாட்டுச் சந்தையில் தரகன் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவரைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் தேறவில்லை போலிருக்கிறது, பேசாமல் திரும்பி நின்றுகொண்டாளாம். அதில் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவளுடையது. அவளுடையது என்றால், அவளும் இன்னும் சில உகாண்டாப் பெண்களும் திரைச்சீலை கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்த வீடு. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். அதனால் எங்கள் மாடியில் எல்லாருக்கும் அவள் பஸ் ஆன்ட்டி. பெயரை ஒருமுறை சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் எதிரெதிர்க் கதவில் இருந்திருக்கிறோம். பெயர் தெரியாமலே ஒருத்தி வீட்டு இஞ்சி டீயை அத்தனை நாள் குடித்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டது எந்த நாட்டு மொழியும் இல்லை. அவளுடைய இங்கிலீஷ் சுத்தமானது. என்னுடையது பத்தாம் வகுப்போடு நின்றது. இடையில் இந்தியும் அரபியும் கை ஜாடையும் வந்து கைகொடுக்கும். அவள் சொன்னதை எல்லாம் இப்போது தமிழில் எழுதுகிறேன், அவள் குரலில் இருந்த அதிகாரத்தை மட்டும் என்னால் எழுத முடியாது.

என் மகள் ரிஸ்வானாவை அவள் முதலில் பார்த்ததும் லிஃப்டில்தான். ரிஸ்வானாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல சந்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்து, பத்து வயதிலிருந்தே சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். கொஞ்ச நாள் தலைமுடிக்குப் போடும் சின்ன ரப்பர் பேண்டை இரண்டு பல்லுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தாள். ஈறு வீங்கியதுதான் மிச்சம். அன்றைக்கு லிஃப்டில் போனில் எதையோ பார்த்துச் சிரித்துவிட்டாள். எதிரே நின்றவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், இந்தப் பல்லை உனக்கு யார் கொடுத்தது?" என்று சத்தமாகக் கேட்டாள். லிஃப்டில் இரண்டு பாகிஸ்தானிகள் வேறு இருந்தார்கள். ரிஸ்வானா துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் பிள்ளையைக் கேலி செய்ய நீ யார், உன் முகத்தை நீ கண்ணாடியில் பார்த்ததில்லையா என்றுகூடக் கேட்டேன். சாயங்காலம் அவள் எங்கள் கதவைத் தட்டி, ஒரு தட்டில் சூடாகச் சப்பாத்தி கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் ஊரில் இதைக் கேலி செய்ய மாட்டார்கள், இதற்காகக் காத்துக் கிடப்பார்கள் என்றாள். நான் நம்பவில்லை. சப்பாத்தியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு அந்தச் சந்து கிடையாது என்பதுதான் அவள் வாழ்க்கையின் பெரிய குறை. பல் வரிசை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். நம் ஊரில் என்றால் பற்பசை விளம்பரத்துக்குக் கூப்பிடுவார்கள். அதைக் காட்டி, "பார், சுவர் மாதிரி இருக்கு, காற்று போக வழி இல்லை" என்று அலுத்துக்கொள்வாள். அவள் தங்கைக்கு இருந்ததாம். தாய் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தனக்குக் கொடுக்கவில்லை என்று அந்த வயதிலும் ஒரு பொருமல். சின்ன வயதில் மூங்கில் சிம்பைச் சீவி இரண்டு பல்லுக்கும் நடுவில் செருகிக்கொண்டே வீட்டு வேலை எல்லாம் செய்வாளாம். ஈறு புண்ணாகி ஒரு வாரம் கஞ்சி குடித்தாளாம். நான் ரிஸ்வானாவின் ரப்பர் பேண்டை நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் அவர்கள் மண்ணில் கால் வைப்பதற்கு ரொம்ப காலம் முன்னாலிருந்தே அழகு என்றால் இதுதான் என்பாள். முன்பல்லில் சந்து, கறுத்த ஈறு, கழுத்தில் மடிப்பு. பல்லில் சந்து இல்லாத பெண்கள் அரத்தால் ராவிக்கொண்டதும் உண்டாம். ராஜா வீட்டுக்குப் பெண் எடுக்கும்போது நிறத்தைப் பார்க்க மாட்டார்களாம், கழுத்து மடிப்பைத்தான் பார்ப்பார்களாம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அவள் கைச்சரக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது அவள் உட்கார்ந்திருக்கும் தோரணை மாறிவிடும். பிறகு மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்தன, படங்கள் வந்தன, மெலிந்த கழுத்தும் வெளுத்த தோலும் வந்தன. அவள் அக்கா மகளே இப்போது தோலை வெளுக்க ஊசி போட்டுக்கொள்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கண்ணுக்குத் தப்பு வருவதும் உண்டு. எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் வங்காளதேசத்துக்காரர். அவர் சிரித்தால் ஈறு கறேலென்று இருக்கும். பஸ் ஆன்ட்டி அவர்மேல் ஏக மரியாதை வைத்திருந்தாள். அவர் நடந்து போனாலே எழுந்து நிற்பாள். அந்த மனிதருக்கோ காரணம் புரியாமல் ஒரே நடுக்கம், ஊரில் பெஞ்சாதி பிள்ளை இருக்கிறது என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது பிறவிக் கறுப்பு இல்லை, வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்து செய்த வேலை என்று நான்தான் போட்டு உடைத்தேன். கள்ள நோட்டைக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சலாமுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

என் கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கழுத்தில் மூன்று மடிப்பு. மடிப்புக்குள் கறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் எலுமிச்சம்பழத்தோலைக் கொடுத்து, தேய்த்துக் குளி, தாலி கட்டின கழுத்து இப்படியா இருக்கும் என்பார்கள். தாலிக் கருகமணியை மடிப்பு மறைகிற மாதிரி இறுக்கிப் போட்டுக்கொள்ளப் பழகியது அப்போதுதான். ஒருநாள் பஸ் ஆன்ட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது முக்காடு நழுவிவிட்டது. அவள் சமையல் செய்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலால் அந்த மூன்று கோட்டையும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். "இதை ஏன் மூடி வைக்கிறாய், திருடியதா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்குகிறவள், ஒரு பஸ்ஸில் வேலை பார்க்கிற பெண் ஒரு வார்த்தை சொன்னாள் என்று இப்படி நின்று பார்க்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படிப் பேசுகிறவளின் கைப்பை ஒருநாள் லிஃப்ட் வாசலில் கொட்டிப் போனது. பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தால், முகத்தை வெளுக்க வைக்கிற க்ரீம். எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிற அதே க்ரீம். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை மறைப்பானேன். மாட்டிக்கொண்டாயா என்பதுபோல் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இது கம்பெனிக்காக என்றாள். உன் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறது என்று பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளையின் தாய் புகார் சொன்னாளாம். அந்தத் தாய் எந்த நாட்டுக்காரி என்று நான் கேட்கவில்லை. நம்மவளாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ரிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இங்கேயே படித்து, ஷார்ஜாவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. முதலில் வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. இரண்டாவதாக வந்த வீட்டில் ஒரு கிழவி, பல்லில் சந்து இருந்தால் அந்த வீட்டில் பரக்கத் தங்காது, காசு நிற்காது என்று பிள்ளை காதுபடவே சொன்னாள். மூன்றாவது இடம் நாட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்தான். மாப்பிள்ளை சவூதியில் ஜுபைலில் இன்ஜினியர், தாயும் தங்கையும் ஷார்ஜாவில் இருந்தார்கள். வாய் மூடிய போட்டோவைத்தான் அனுப்பியிருந்தேன். மாப்பிள்ளையின் உம்மா போன் செய்து, நல்ல தன்மையாக, புள்ள சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தால் அனுப்புங்களேன் என்றார்கள். நேரிலேயே வந்து பாருங்கள் என்று நாளைக் குறித்துவிட்டு, ரிஸ்வானாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

கம்பி கட்டினால் வருஷக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். பல் நிறத்திலேயே ஒரு மாவை வைத்து அடைத்து நீல வெளிச்சம் காட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். முடிந்துவிட்டது. ரிஸ்வானா கண்ணாடியைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். காரில் வரும் வழியெல்லாம் நாக்கால் முன்பல்லைத் தடவிக்கொண்டே வந்தாள். தன் வாயிலேயே வேறு யாரோ குடிவந்த மாதிரி இருக்கிறது உம்மா என்றாள். பழகிவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. உட்கார நாற்காலி போதாது. எதிர்வீட்டில் கேட்டேன். எதற்கு என்றாள், பெண் பார்க்க வருகிறார்கள் என்றேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டிலேயே நல்ல காரியம் நடக்கிற மாதிரி நாற்காலிகளைத் துடைத்துவிட்டு, நீ போ, நானே கொண்டுவருகிறேன் என்றாள். பெண்ணைப் பார்த்தவுடன் முடித்துவிடுவார்கள், அந்தப் பல்லை யார் வேண்டாம் என்பார்கள் என்றாள். அடைத்துவிட்டோம் என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை, அவசரத்தில் இருப்பதுபோல் திரும்பிவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். தாயும் மகளும் மாமியும், மூன்று பெண்கள். மாப்பிள்ளையின் மாமா என் வீட்டுக்காரரோடு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுஷி. ரிஸ்வானா தட்டை நீட்டியபோது தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். என்ன படித்தாய், சமைப்பாயா, ஜுபைல் ரொம்ப வெயில், பழகிக்கொள்வாயா என்று கேட்டார்கள். ரிஸ்வானா சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை கை வைக்காமல் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்தது, இந்த இடம் முடிந்தது என்று மனசு சொல்லியது.

அந்த நேரத்தில்தான் அவள் இரண்டு கையிலும் இரண்டு நாற்காலியோடு உள்ளே வந்தாள். பூப்போட்ட நீளக் கவுன், தலையில் அதே துணியில் கட்டு, நல்ல காரியத்துக்கு என்று உடுத்தி வந்திருக்கிறாள். எல்லாருக்கும் சலாம் சொன்னாள். ரிஸ்வானா அவளைப் பார்த்துச் சிரித்தாள். நாற்காலியைப் போட்டது போட்டபடி கிட்டே வந்து, என் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எங்கே போச்சு? இதை யார் அடைத்தது?" என்றாள் இங்கிலீஷில். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ்வளவு அழகான சந்தை யாராவது அடைப்பார்களா? உன் பிள்ளைக்கு இதை யார் செய்தது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. வீட்டில் களவு போனதைக் கண்டவள்போல் நின்றாள்.

மாப்பிள்ளையின் உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று மகளைக் கேட்டார்கள். மகள் குனிந்து காதில் சொன்னாள். நான் பஸ் ஆன்ட்டியின் தோளைப் பிடித்து வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு வேறு மரியாதையான சொல் இல்லை. அவள் திரும்பித் திரும்பிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் உள்ளே வந்தபோது டீ ஆறியிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ரிஸ்வானாவின் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தார்கள்.

"பல்லுல சந்து இருந்தா என்னம்மா, எங்க வீட்டுலயும் குறை நிறை இருக்கு," என்றார்கள். "சொல்லியிருந்தா நாங்க ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டோம். போட்டோவுலயும் மறைச்சு, நேர்லயும் மறைச்சு... இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்களோன்னு மனசுல விழுந்துருச்சு. விழுந்துட்டா அப்பறம் சரியா வராது. தப்பா எடுத்துக்காதீங்க."

உடனே எழுந்துவிட்டார்கள். தட்டில் வைத்த வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து வந்து விவரம் புரியாமல், அதற்குள்ளாகவா, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கவும் கூசியது. சொல்லியிருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்களாம். அது நிஜமோ, போகிற போக்கில் சொன்னதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். நிஜமாக இருந்தால் என் பிள்ளையின் வாழ்க்கையை அடைத்தது நான்தான். இல்லாவிட்டால் ஒரு பல் சந்துக்காகப் போகிறவர்களுக்கு முன்னால் என் பிள்ளையை மாவு பூசி உட்காரவைத்தவள் நான். எப்படிப் பார்த்தாலும் தலையைத் தொங்கப்போட வேண்டியவள் நான்தான். ஆனால் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா, எதிர்வீட்டுக்காரி இருக்கிறாளே என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

நடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறியதைப் பார்த்திருக்கிறாள். காரியம் கெட்டுப்போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கன்னமெல்லாம் கண்ணீர். நான் வாயைத் திறப்பதற்குள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அழாதே. அந்தப் பல்லை அடைத்துவிட்டால் யார்தான் கட்டுவார்கள்? அவர்கள்மேல் தப்பில்லை," என்றாள். "டாக்டரிடம் கூட்டிப்போ. மறுபடியும் திறந்துவிடுவார். திறந்த பிறகு அவர்களைத் திரும்பக் கூப்பிடு. வருவார்கள்."

சண்டை போடத்தான் நான் வந்திருந்தேன். சந்து இல்லாததற்காகத்தான் என் பிள்ளையை வேண்டாம் என்று போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அழுகிறாள். இல்லையம்மா, சந்து இருப்பதால்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் புரியாது என்று இல்லை. அந்த க்ரீமைப் பூசிக்கொள்கிறவளுக்கு நன்றாகவே புரியும். புரிந்த பிறகு எங்களைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்குமே, அதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. ஆமாம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கூப்பிடு, மறந்துவிடாதே என்றாள்.

திரும்பினால் வாசலில் ரிஸ்வானா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எப்ப போறோம் உம்மா?" என்றாள்.

"எங்க?"

"டாக்டர்ட்ட. திறக்க."

கேலிக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரிய வேண்டுமானால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் குனிந்து, வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.